நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து

2007-ஆம் வருடம். ரம்ஜான் வியாபாரம் முடிந்து, தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. விருதுநகர் பஜாரில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்று. அங்கே அன்று நடந்ததை இத்தனை வருடங்களில் என் வீட்டாரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் கிடைக்கிற பாதியை மட்டும். மீதியையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளில் தீ அபாய மணியும், கூரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளரும் மாட்டிக் கொடுக்கிற கம்பெனி. மாட்டினால் மட்டும் போதாது. அவ்வப்போது போய்ச் சோதித்துப் பார்த்து, எந்த மாடியில் ஆபத்து என்று காட்டும் பேனல் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அந்தக் கையெழுத்துக்காரன் நான்தான். வயது இருபத்தெட்டு. கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை, தோளில் கருவிப் பை. பட்டாசு ஊர்க்காரர்களுக்கே நெருப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் என்ற மிதப்பு எனக்கு நிறைய உண்டு.

அந்த ஜவுளிக்கடை முதலாளி இஸ்லாமியர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கடை முழுக்கச் சாம்பிராணி போடுவது அவர்கள் வழக்கம். கல்லாவுக்குக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வதெல்லாம் அங்கே கிடையாது. வாட்ச்மேன் கொட்டாங்கச்சிக் கரி கனலும் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு எல்லா மாடிக்கும் போவார். ஸ்டாக் ரூமின் மூலை முடுக்கைக்கூட விடமாட்டார். நாங்கள் மணி மாட்டிக் கொடுத்த முதல் வெள்ளிக்கிழமையே, கூரையில் இருந்த டிடெக்டர்கள் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு கடையே அதிர அலறிவிட்டன. துணி எடுக்க வந்திருந்தவர்கள் அடித்துப் பிடித்து ஓடியதில் ஓர் அம்மாவுக்குக் காலில் அடி.

பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, சாம்பிராணி போடாமக் கடை நடத்த எனக்கு மனசு வராது. எங்க வாப்பா காலத்துப் பழக்கம். நீங்கதேன் ஒரு வழி சொல்லணும்" என்றார்.

வழி என் கையிலேயே இருந்தது. டிடெக்டர் புதிதாக வரும்போது, பெயின்ட் அடிக்கையில் தூசி போகாமலிருக்க ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் மூடி ஒன்று அதன்மேல் மாட்டியிருக்கும். வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடுவோம். ஆபீஸில் சும்மா கிடந்த அந்த மூடிகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். சாம்பிராணி போடும் முன் மாட்டுங்கள், புகை போனதும் கழற்றிவிடுங்கள் என்றேன். எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாத வேலை அது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாய்க்கு ஒரே சந்தோஷம். அன்று மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் பெரிய மூளைக்காரன்போலச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூடி மாட்டிக் கழற்றுகிற வேலை, கடையைக் கூட்டிப் பெருக்கும் ஓர் அக்காவிடம் போனது. நாற்பதை நெருங்கும் வயது. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். முன்பு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்ற அளவுக்குத்தான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். நீளக் கம்பின் நுனியில் கம்பி வளைத்துக் கட்டி, ஒவ்வொரு மூடியாக எண்ணிக் கழற்றுவார். ஒருமுறை என்னிடம், "எதுக்கு சார் இதை மூடணும்? தப்பா அடிச்சாலும் அடிச்சுட்டுப் போகட்டுமே" என்று கேட்டார். "பட்டாசுக் கம்பெனியில இருந்தவுகளுக்கு வெடிச்சத்தம் கேக்காம இருக்க முடியலையோ" என்று நான் கிண்டலடித்தேன். சுற்றி நின்ற சேல்ஸ்மேன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலேயே மழை. சீசன் என்பதால் அன்று எனக்கு மூன்று கடைகள். இதை முடித்துவிட்டு சிவகாசியில் இரண்டு கடைகளைப் பார்க்க வேண்டும். பஸ்ஸெல்லாம் கூட்டம் பிதுங்கும் நாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகப் போகிறது. சாம்பிராணி வாசம் இன்னும் கடைக்குள் இருந்தது. அக்கா வாசலில் குனிந்து, உள்ளே வந்துவிட்ட மழைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "சார், கீழயும் மொத மாடியிலயும் மூடி எடுத்துட்டேன். மேல ரெண்டும் பாக்கி. அதுக்குள்ள இங்கன தண்ணி தள்ளச் சொல்லிட்டாக. செத்த நேரத்துல வந்து எடுத்துருவேன்."

"நீங்க வேலையைப் பாருங்கக்கா. நான்தானே மேல போறேன், நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

நான் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சோதனை எப்படியென்றால், நீளமான கம்பின் நுனியில் ஊதுபத்தியைச் செருகி ஒவ்வொரு டிடெக்டருக்கும் புகை காட்ட வேண்டும். அது புகையை உணர்ந்தால் கீழே பேனலில் சிவப்பு விளக்கு எரியும். வாடிக்கையாளர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆரம்பிக்கும் முன் பேனலில் மணியை நிறுத்தி வைப்போம். முடித்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதிப்பது விதி. தளத்துக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது எங்களில் பலர் செய்தது. அன்று நான் அதையும் செய்யவில்லை. கீழே ஒன்று, முதல் மாடியில் ஒன்று. அதற்கு மேல் படிக்கட்டு முழுக்க சீசனுக்கு வந்திறங்கிய துணிப் பண்டல்கள். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் கம்பையும் தூக்கிக்கொண்டு ஏறச் சோம்பல். சிவகாசி பஸ் வேறு மனதில் ஓடியது. இறங்கி வந்து அட்டையை எடுத்தேன். 'நான்கு தளங்களிலும் அனைத்து டிடெக்டர்களும் சோதிக்கப்பட்டன. சரியாக இயங்குகின்றன. காலை 10.10' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் டீ வரவழைத்தார்.

டீயைப் பாதி குடித்திருப்பேன். பேனல் 'கீ கீ' என்றது. இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். ஆபத்தென்றால் அதன் கண்ணாடியை உடைத்தால் மணி அடிக்கும். அதை யாரோ உடைத்திருக்கிறார்கள் என்று பேனல் காட்டியது. ஆனால் மணி அடிக்கவில்லை. அதை நிறுத்தியது நான், திறக்க மறந்ததும் நான்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "யாரோ பண்டல் தூக்கும்போது இடிச்சுட்டாங்க பாய்" என்று சொல்லிக்கொண்டே ரீசெட் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு ஒரு நொடி அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அமுக்கினேன். உடைந்த கண்ணாடியை மாற்றாமல் அது அணையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

அதற்குள் மேலேயிருந்து யாரோ கத்தினார்கள். கருகல் நாற்றம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. பாய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யா அல்லா, மேல தையல் ரூம்ல பொம்பளைக மூணு பேரு இருக்காகளே!" என்று அலறினார். மணியைத் திறந்துவிட்டு ஓடினேன்.

மூன்றாம் மாடியில் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கும் அறை. மூன்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார்கள். மெஷின் சத்தத்தில் வெளியே கூப்பிட்டால் கேட்காது. அதற்கு நேர் கீழே, இரண்டாம் மாடி ஸ்டாக் ரூமில்தான் நெருப்பு. தூபக்காலிலிருந்து கங்கு ஒன்று தெறித்து அட்டைப்பெட்டி இடுக்கில் விழுந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் புகைந்து, புகைந்து, பண்டல்களுக்குள் இறங்கிவிட்டது. பண்டல் தூக்கியவர்களும் அதைச் சாம்பிராணிப் புகை என்றே நினைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே டிடெக்டர்கள் மூடியோடு இருந்தன. ஸ்பிரிங்க்ளரோ சூடு ஏறினால்தான் திறக்கும், புகைக்கு அசையாது.

இரண்டாம் மாடி போவதற்குள் கண்ணெல்லாம் எரிந்தது. கரும்புகை. அதற்குள்ளிருந்து மூன்று பெண்களும் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருமியபடி, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார்கள். கடைசியாக அந்த அக்கா. ஈரத் துணியை முன்னால் இருந்த பெண்ணின் மூக்கில் அமுக்கிப் பிடித்திருந்தார். தன் மூக்கில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே சரிந்துவிட்டார்.

நானும் ஒரு சேல்ஸ்மேனும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஸ்டாக் ரூமில் தீ கிளம்பி, சூடு ஏறி, ஒரு ஸ்பிரிங்க்ளர் வெடித்துத் தண்ணீர் கொட்டியது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மாப்புக் கட்டையால் கண்ணாடியை உடைத்தது அக்காதான் என்று பிறகு தெரிந்தது. வாசல் வேலை முடிந்து இரண்டாம் மாடி கூட்டப் போனவர், நாற்றம் பிடித்துக் கண்ணாடியை உடைத்திருக்கிறார். மணி அடிக்கவில்லை என்றதும், யாருக்காகவும் காத்திருக்காமல் மேலே ஏறியிருக்கிறார்.

இதுவரை நான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். படியில் தூக்கிக்கொண்டு இறங்கியதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருக்கிறேன்.

மதியம் தீயணைப்பு அதிகாரி விசாரிக்க வந்தார். மேல் இரண்டு தளங்களிலும் மூடிகள் அப்படியே இருப்பதைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் படித்தார். "பத்து பத்துக்கு எல்லாம் சரியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கே. அப்ப இந்த மூடி?" என்றார். தளப் பொறுப்பாளர் உடனே, "அந்தம்மாதேன் சார் மாட்டும், கழட்டும். வேற யாரும் தொடமாட்டோம்" என்றார். பாயும் தலையசைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. என் அட்டையை நம்பினார். நான் சோதித்து முடித்த பிறகு அந்த அம்மாதான் எதற்கோ மறுபடி மூடியிருக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் எழுதியது உண்மையென்றால் வேறு எப்படி இருக்க முடியும்?

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். நனைந்த சட்டையோடு, மூன்று பேரைக் காப்பாற்றியவர்களில் ஒருவன் என்ற முகத்தோடு நின்றேன். கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தபோது, "அட்டையில கையெழுத்து இருக்குல்ல? அது போதும். நீ எதுவும் பேசாதே" என்றார். அதைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. சிவகாசி போகாமல் ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை, அக்காவைச் சேர்த்திருந்த விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த அக்கா யாரிடம் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ளப் போனேன். மூக்கில் குழாயோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் டீ வாங்கப் போயிருந்தார். அக்காவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

"மூடியை நாந்தேன் திருப்பி மாட்டி வச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்காகளாம். வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாக. போலீசுலயும் எழுதிக் குடுக்கப் போறாகளாம்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவராகவே தொடர்ந்தார். "என் தங்கச்சி பட்டாசுக் கம்பெனியிலதேன் செத்தா சார். அவளும், அந்த ரூம்ல கூட இருந்த ரெண்டு பேரும். அவ மருந்துத் தட்டைத் தரையில தேச்சு இழுத்தா, அதேன் பத்திக்கிருச்சுன்னு போர்மேன் எழுதிக் குடுத்துட்டாரு. எங்கம்மா அதை நம்பிருச்சு. மத்த ரெண்டு பேரும் எங்க தெருவுதேன். சாகுற வரைக்கும் எங்கம்மா அந்த ரெண்டு வீட்டு ஆளுகளை நிமுந்து பாத்ததில்லை. தன் மக கொன்னுட்டான்னே நெனச்சுக்கிட்டுக் கெடந்து செத்துச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கம்மா செத்து ரெண்டு வருசம் கழிச்சு அந்த போர்மேன் வந்தாரு. ஆர்டர் அவசரம்னு அம்புட்டு மருந்தையும் ஒரே ரூம்ல வைக்கச் சொன்னது நாந்தேன், உன் தங்கச்சி மேல தப்பில்லைன்னு அழுதாரு. எம்புட்டு வருசம் கழிச்சு வந்து சொல்றாரு பாருங்க. கேக்க வேண்டிய எங்கம்மா போயிருச்சு."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீங்க அவுககிட்ட என்ன சொன்னீக சார்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலைக்கா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அங்கிருந்து கடைக்கு நடந்தேன். பாய் தரைத்தளத்தில், நனைந்த சேலைகளை விரித்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேலே நான் போகவே இல்லை. மூடி இருக்கிறது என்று அக்கா சொன்னார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அட்டையில் எழுதியது பொய். மணியைத் திறக்க மறந்தவனும் நானே. சொல்லி முடிக்கையில் அழுதுவிட்டேன்.

அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் பக்கத்தில் கிடந்த ஈரச் சேலையை ஒதுக்கி வைத்தார். பிறகு, "மூடியைக் குடுத்தது நீங்க. வாராவாரம் மாட்டச் சொன்னது நானு. நம்ம ரெண்டு பேரும் தப்பிச்சுக்க அந்தப் பிள்ளையவா பிடிச்சு நிறுத்தப் பாத்தோம்?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவரும் தன் பங்கை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த அக்காவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வாசல்வரை கூடப் போன நான் உள்ளே போகவில்லை.

கம்பெனி என்னைப் போனிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அது நியாயம்தான். பல மாதம் வீட்டு வயரிங் வேலைக்கு அலைந்தேன். பிறகு சொந்தமாக, சின்ன அளவில், இதே வேலையை மறுபடி தொடங்கினேன். முதலில் கூப்பிட்டவர் பாய்தான். இப்போது அங்கே சாம்பிராணி வாசற்படியோடு சரி. காட்டி முடித்ததும் கங்கைத் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அக்காவுக்கு அந்தக் கம்மிய குரல் அப்படியே நின்றுவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதால், கீழே துணிப் பை கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம், "மேல இருந்து ஆரம்பிங்க சார்" என்பார். வேறெதுவும் பேசமாட்டார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

தானாக வந்து தப்பை ஒப்புக்கொண்டவன் என்று பாய் இன்றும் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். தானாக வந்தவன் இல்லை நான். எதிரில் உயிரோடு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து அந்த அக்கா கேட்டதால் வந்தவன். அன்று அந்தப் படிக்கட்டில் சரிந்தவர் எழுந்திருக்காமலே போயிருந்தால், நான் வாயைத் திறந்திருப்பேனா, இல்லை அந்த போர்மேனைப் போல என்றோ ஒருநாள் யாருமற்ற வீட்டு வாசலில் போய் அழுதிருப்பேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். திறந்திருப்பேன் என்று ஒருமுறைகூட என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.